உள்ஜன்னல்

"எங்க ஊர்ல குளிர் வெளியேதான் இருக்கும். இங்க வீட்டுக்குள்ளயே குடித்தனம் பண்ணுது."

"புது மருமக வந்திருக்காளே, எப்படி இருக்கான்னு பார்க்க வந்திருக்கும்."

"சிரிக்காதீங்க. அசாஹிகாவா ஊர்ல எங்கம்மா வீட்டுல ஜனவரி மாசம் அரைக்கை சட்டையைப் போட்டுக்கிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடுவோம், தெரியுமா?"

"இங்கயும் சாப்பிடலாமே. ஃப்ரிட்ஜே வேண்டாம், வராந்தாவுல வெச்சாப் போதும்."

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேட்கட்டுமா?"

"கேளேன்."

"வந்து... ஒண்ணுமில்ல. உங்க காலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நீட்டுங்க. இந்த வீட்டுலயே அது ஒண்ணுதான் சூடா இருக்கு."

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் நடந்த பேச்சு இது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் மோரியோவுக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. கொதாட்சு மேசைக்கு எதிரெதிரே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் அடியில் சின்ன ஹீட்டர், மேலே கனத்த போர்வை, போர்வைக்குள் நான்கு கால்கள். இடுப்புக்குக் கீழே சூடு, முதுகில் ஐஸ். மோரியோவின் ஊரான யோனெசாவாவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வீட்டைச் சூடாக்குவது என்ற யோசனையே யாருக்கும் கிடையாது, ஆளைச் சூடாக்கினால் போதும். இன்னும் குளிரான வடக்கு ஹொக்காய்டோ தீவிலிருந்து வந்த சுமியேதான் அதை அதிசயமாகப் பார்த்தாள்.

அவள் கேட்க வந்து நிறுத்திக்கொண்டது என்ன என்பதில் மோரியோவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அடுத்த வசந்தத்தில் மாமனார் வீட்டுக்குப் போனபோது அவன் முதலில் பார்த்தது ஜன்னல்களைத்தான். ஒரு ஜன்னல், அதற்குள் ஒரு சாண் தள்ளி இன்னொரு ஜன்னல். இரண்டுக்கும் நடுவே காற்று அசையாமல் நின்றது. வெளியே பனி இன்னும் கரையவில்லை. உள்ளே மாமனார் பனியனோடு உட்கார்ந்து பீர் ஊற்றினார். மரத்தட்டிகளும் கண்ணாடியும் செய்கிற கடைக்காரரின் மகனான மோரியோ, பீரைக் குடிக்காமல் எழுந்து போய் அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தான்.

ஊருக்குத் திரும்பி உள்ஜன்னல் வேலையை ஆரம்பித்தான். வேனின் பக்கவாட்டில் 'என் மனைவி ஊர் ஜன்னல்' என்று பெரிதாக எழுதினான். அந்தப் பெயரே பாதி வியாபாரத்தைக் கொண்டுவந்தது. "உங்க வீட்டம்மா குடுத்துவெச்சவங்க, குளிரே தெரியாது" என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். அருகில் இருந்தால் சுமியே புன்னகைத்துக்கொண்டே அவர்களுக்குத் தேநீர் ஊற்றுவாள்.

சொந்த வீட்டுக்கு மட்டும் ஜன்னல் வரவில்லை. "மர வீடு மூச்சு விடணும்டா, அடைச்சா உளுத்துப்போகும்" என்றார் அப்பா. அப்பா போனபின் அம்மா அதையே சொன்னாள். அம்மாவும் போனபின், தொழிலே குறுக்கே நின்றது. குளிர் உறைக்கிற மாதங்களில்தான் ஊர் முழுக்க ஜன்னலுக்கு ஆள் அனுப்பும், அப்போது அவனுக்கு நிமிர நேரமிருக்காது. வெயில் வந்து கை ஓய்ந்ததும் குளிர் இருந்ததே ஞாபகத்தில் இருக்காது. வருஷங்கள் இப்படியே போயின. நடுநடுவே சுமியே, "ஏங்க, ஒண்ணு கேட்கணும்" என்று ஆரம்பிப்பாள். "ஜன்னல்தானே? இந்த சீசன் முடியட்டும்" என்பான் அவன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போன டிசம்பரில் முதல் பனி விழுந்த அன்று, மோரியோ பக்கத்துத் தெருவில் எந்தோ என்பவர் வீட்டில் குளியலறைக்கு உள்ஜன்னல் பொருத்திக்கொண்டிருந்தான். "உடை மாத்துற அறைதான் ஆபத்து. சூடான கூடத்துல இருந்து ஐஸ் மாதிரி அறைக்குப் போய்த் துணியை அவுத்தா ரத்த அழுத்தம் எகிறும், அப்புறம் வெந்நீர்ல இறங்கினா விழும். வயசானவங்களுக்கு அங்கதான் மண்டையில நரம்பு வெடிக்கும்" என்று எப்போதும் சொல்வதை அன்றும் சொன்னான். வீட்டுக்கு வந்து குளித்தான். கொதாட்சுவில் காலை நுழைத்துக்கொண்டு டிவி பார்த்தான். அவனுக்கு அடுத்து சுமியே குளிக்கப் போனாள். அவன் கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது டிவியில் வேறு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. உடை மாற்றும் அறையில் ஒரு கை ஸ்வெட்டருக்குள்ளும் மறு கை வெளியிலுமாக அவள் தரையில் கிடந்தாள்.

பிழைத்துவிட்டாள். வலது கையும் காலும் இனி வராது என்றார் டாக்டர். நாக்கு கனத்துப்போனது. நினைவு தெளிவாக இருந்தது, சொற்கள்தான் வெளியே வர வழியில்லாமல் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றன.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவள் குடோ என்ற இளம்பெண். டிஸ்சார்ஜ் நெருங்கியபோது மோரியோவையும், சென்டாயிலிருந்து வந்த மகள் அகனேயையும் சுமியேயின் கட்டிலருகே உட்காரவைத்துப் பேசினாள். அகனே சுற்றிவளைக்கவில்லை.

"அம்மா என்கூட வரட்டும்பா. நாலாவது மாடி ஃபிளாட். மேலயும் கீழயும் ஆளுங்க இருக்காங்க, அவங்க போடுற ஹீட்டரிலேயே எங்க வீடு பாதி சூடாயிடும்."

"நம்ம வீடுதான் அவ வீடு அகனே."

"அந்த வீடுதாம்பா அவங்களைச் சாய்ச்சுது."

"வீட்டைச் சரி பண்ணிடறேன். என் தொழிலே அதுதானே."

"உங்க தொழில் அதுதான்னு நான் பொறந்ததுல இருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

குடோ குறுக்கே வந்தாள். "அம்மாதான் முடிவு பண்ணணும். மார்ச் ஆரம்பத்துல ஒரு ராத்திரி வீட்டுல தங்கட்டும். தங்கிப் பார்த்துட்டு எங்கே இருக்கணும்னு அவங்களே சொல்லட்டும்." அவள் சுமியேயைப் பார்த்து, "சரியாம்மா?" என்றாள். சுமியே ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஒருமுறை தலையசைத்தாள்.

அவளை வீட்டில் வைத்துக்கொள்ள மோரியோவுக்கு இருந்தது அந்த ஒரு ராத்திரிதான்.

வந்திருந்த வேலைகளை எல்லாம் வேறு ஆட்களிடம் தள்ளிவிட்டான். மாடியையும் முன்பக்கத்துப் பெரிய அறைகளையும் விட்டுவிட்டான், அந்தக் கொட்டகையை யாராலும் சூடாக்க முடியாது. கூடம், சமையல்கட்டு, படுக்கையறை, கழிப்பறை, குளியலறை இவற்றை மட்டும் தனியாகப் பிரித்து, வீட்டுக்குள் இன்னொரு வீடாக மூடினான். எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடியில் உள்ஜன்னல். சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு. தரைக்கடியில் தவழ்ந்து போய், மல்லாக்கப் படுத்துக்கொண்டு, சட்டத்துக்குச் சட்டம் நுரைப்பலகைகளை அறுத்துச் செருகினான்.

சமையல்மேடைக்கு நேர் கீழே வந்தபோது முகத்தில் காற்று அடித்தது. டார்ச்சைத் திருப்பினான். தரைப்பலகை இரண்டுக்கு நடுவே விரல் நுழையும் அளவு விரிசல். தரைக்கடியில் ஓடுகிற பனிக்காற்று முழுக்க அந்த விரிசல் வழியே மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேலே தினமும் விடியற்காலையில் அரிசி களைந்துகொண்டு சுமியே நின்ற இடம். அவள் கம்பளிக் காலுறையை இரண்டு ஜோடியாகப் போடுவாள், அதைச் சொல்லி அவன் கேலிகூடச் செய்திருக்கிறான். விரிசலில் உள்ளங்கையை வைத்து மூடினான். கை மரத்துப்போகும்வரை அப்படியே கிடந்தான். பிறகு பலகையை அறுத்து அடைத்தான். அடைக்க ஆன நேரம் ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட இல்லை.

ஊறுகாய் கொண்டுவந்த எந்தோ வீட்டு அம்மா, வாசலில் குவிந்திருந்த நுரைத்தூளைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"கடைசியில உங்க வீட்டு முறை வந்துடுச்சா மோரியோ?"

"வந்துடுச்சும்மா."

"எங்க நாய்க்கூண்டுக்கே போன வருஷம் ஜன்னல் போட்டுக் குடுத்துட்டீங்க. சுமியேகூட அன்னைக்குச் சிரிச்சுது, அடுத்த பிறவியில உங்க வீட்டு நாயாப் பிறந்துக்கறேன்னு."

மோரியோவும் சிரிக்கப் பார்த்தான். எந்தோ அம்மா ஊறுகாய்ப் பாத்திரத்தை அவன் கையில் திணித்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

மார்ச் முதல் சனிக்கிழமை சுமியே வந்தாள். கூரைவிளிம்பு வரை பனி ஏறியிருந்தது. மோரியோ வாசலில் வழி வெட்டிப் பலகை போட்டிருந்தான். அகனே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கதவை மூடியதும் சுமியேயின் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போயிற்று.

"அம்மா, கண்ணாடியில ஆவி படியுது!" அகனே தன்னை மறந்து கத்தினாள். வெளியிலிருந்து இந்த வீட்டுக்குள் வந்து யாருடைய கண்ணாடியும் இதுவரை அப்படிப் பூத்ததில்லை. அகனே அதைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டாள். சுமியே சுற்றிலும் பார்த்தாள். வாயின் இடதுபக்கம் மட்டும் சிரித்தது.

மோரியோவுக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. சுவரில் இருந்த, சூடுகாற்று விடும் ஏசியைக் காட்டினான். "பாரு, இது ஒண்ணுதான். சின்னது. காலையில ஓடவிட்டேன், இப்ப தானே அடங்கி முனகிக்கிட்டிருக்கு. முன்னெல்லாம் மண்ணெண்ணெய் அடுப்பு ரெண்டு எரிச்சும் வாயில புகை வருமே, ஞாபகம் இருக்கா? உடை மாத்துற அறையும் இதே சூடுதான். கழிப்பறையும். எங்க போனாலும் ஒண்ணுதான்."

சுமியே கூடத்தின் நடுவில் ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாயில் ஒரு சதுரம் மட்டும் வெளுக்காமல் இருந்தது.

"கொதா...ட்சு?"

"அதுக்கு இனிமே என்ன வேலை? பரண்ல ஏத்திட்டேன்."

அவள் அந்தச் சதுரத்தையே இன்னும் கொஞ்சநேரம் பார்த்தாள். அதன் போர்வைக்குள்தான் அவள் கால் எல்லாக் குளிர்காலத்திலும் அவன் காலைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும், பகலில் சண்டை போட்டிருந்தாலும்கூட. இப்போது அவன் அவளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் நடுவே வெதுவெதுப்பான வெற்றிடம் இருந்தது.

சாயங்காலம் அவன் ஃப்ரிட்ஜிலிருந்து மூன்று கப் ஐஸ்கிரீம் எடுத்துவந்தான். வெனிலா. அவளுடைய ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி அகனேயைத் தூண்டினான். தானும் அரைக்கை பனியனோடு உட்கார்ந்தான். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

"உன் அம்மா வீட்டுல ஜனவரியில சாப்பிடுவீங்க. நம்ம வீட்டுல மார்ச் ஆயிடுச்சு. கொஞ்சம் லேட்டு."

"கொஞ்சமா?" என்றாள் அகனே. ஆனாலும் சிரித்தாள்.

மோரியோ கரண்டியால் ஊட்டினான். சுமியே கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் அதைக் கரையவிட்டாள். வலது ஓரத்தில் வழிந்ததை அகனே துடைத்தாள். மூன்றாவது கரண்டியில் சுமியேயின் கண்ணும் வழிந்தது. துடைத்துவிட்டு அகனே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்: "நல்லாத்தாம்பா இருக்கு வீடு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவன் வாரக்கணக்கில் முதுகு ஒடிய உழைத்தான். கப்பைக் கீழே வைத்துவிட்டு மனைவிப் பக்கம் குனிந்தான்.

"சுமியே, முதல் வருஷம் ஒண்ணு கேட்க வந்தியே. அப்புறமும் நிறைய தடவை. இதுதானே? நான் பண்ணிட்டேன் பாரு. நேரம் கழிச்சுத்தான் பண்ணினேன். ஆனா பண்ணிட்டேன். இங்கயே இருந்துடேன்."

சுமியே வாயைத் திறந்தாள். இடதுகை நாற்காலிப்பிடியை இறுக்கியது. ஏதோ ஒரு சொல் தொண்டைக்கு வந்து முட்டியது.

அந்தச் சமயத்தில் சுவரிலிருந்த வெந்நீர் எந்திரம் மணியடித்துப் பாடியது. பாட்டு முடிந்ததும் எப்போதும் சொல்வதை அந்த எந்திரப் பெண்குரல் சொன்னது: "குளியல் தயாராகிவிட்டது."

மோரியோ எழுந்தான். துண்டை எடுத்தான். கை தானாக எடுத்தது, கால் தானாக நடந்தது.

"அப்பா, எங்க போறீங்க?"

"குளிக்கத்தான். முதல்ல நான் போய் அறையைச் சூடு பண்ணிட்டு வந்துடறேன், உங்கம்மாவுக்குச் சுகமா இருக்கும்."

அகனே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அந்த வீட்டில் குளியலுக்கு வரிசை இருந்தது. முதலில் அப்பா, பிறகு மோரியோ, தம்பிகள், அம்மா, பிள்ளை. எல்லாரும் அதே தொட்டி நீரில் முங்கி எழுந்தபின் கடைசியில் சுமியே. அதற்குள் நீர் ஆறிப்போயிருக்கும், வீடு தூங்கிப்போயிருக்கும். குளித்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு அவள் நடுங்கிக்கொண்டு வருவாள். வீட்டில் இரண்டே பேர் என்று ஆனபிறகும் முதலில் அவன்தான். முதலில் போகிறவர் உடம்பில் குளிர் வாங்கிக்கொண்டு, பின்னால் வருபவருக்கு ஆவி படிந்த அறையைக் கொடுக்கிறார் என்பது அவன் கணக்கு. அதை அவன் தன் அன்பு என்றே நினைத்திருந்தான். பொய்யாக நினைக்கவில்லை, உண்மையாகவே நினைத்திருந்தான்.

உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தொட்டியில் இறங்கினான். நீர் கழுத்துவரை ஏறியது. இத்தனை வார வலி முதுகிலிருந்து கழன்று போவதுபோல் இருந்தது. கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டான். தான் போட்ட ஜன்னலைப் பார்க்கலாம் என்று கண்ணைத் திறந்தான்.

கண்ணாடி தெளிவாக இருந்தது. ஒரு துளி ஆவிகூடப் படியவில்லை. அதன் வழியே தோட்டத்தில் பனி விழுவது தெரிந்தது.

குளிர்ந்த கண்ணாடியில்தான் ஆவி நிற்கும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். அவன் வருவதற்கு முன்பே இந்த அறை சூடாக இருந்திருக்கிறது. கண்ணாடி சூடு, சுவர் சூடு, தரை சூடு. அவன் சூடாக்கிவைக்க இங்கே எதுவுமே இல்லை. அப்படியிருந்தும் முதலில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

சட்டென்று எழுந்தான். தொட்டி நீர் அலையடித்து வெளியே கொட்டியது. அரைகுறையாகத் துவட்டி, பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தான்.

உடை மாற்றும் அறை வாசலில் சக்கர நாற்காலி நின்றது. மடியில் மடித்த துண்டோடு சுமியே காத்திருந்தாள். பின்னால் அகனே உதட்டைக் கடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்கு, நீ..." என்று ஆரம்பித்தவனுக்குத் தன் குரலே காதில் விழுந்தது. ஒவ்வொரு ராத்திரியும் இதே இடத்தில் நின்று இதையேதான் சொல்லியிருக்கிறான். அவள் விழுந்த அன்றும் சொன்னான்.

முழங்காலை மடக்கி அவள் முன்னால் உட்கார்ந்தான். அவன் தலையிலிருந்து வெந்நீர் சொட்டியது.

"பழக்கம் சுமியே. யோசிக்கவே இல்லை. நாளையிலிருந்து நீதான் முதல்ல. தினமும் நீதான்."

அவள் அவனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைத்திருக்கும். அவள் கண்ணில் இருந்தது இரக்கம், நெடுங்காலமாக ஒருத்தனைத் தெரிந்தவளின் இரக்கம். நல்ல கையைத் தூக்கி அவன் ஈரத் தலையில் வைத்தாள். மடியிலிருந்த துண்டை எடுத்து மெதுவாகத் துவட்டினாள், குளித்துவிட்டு வந்தவனுக்குத் தலை துவட்டாவிட்டால் சளி பிடிக்கும் என்று கவலைப்படுகிறவள் மாதிரி.

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். வீடு வெதுவெதுப்பாக, சத்தமே இல்லாமல் இருந்தது. காற்று நுழைய ஒரு விரிசல்கூட அவன் மிச்சம் வைக்கவில்லை.

"நீ கேட்க வந்தது ஜன்னல் இல்லையா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"பின்னே என்ன? சொல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் எந்திரிக்க மாட்டேன்."

சுமியே மூச்சை இழுத்துக்கொண்டாள். சொற்கள் ஒவ்வொன்றாக, கனமான பாத்திரத்தைக் கீழே இறக்கிவைப்பதுபோல் வந்தன.

"முதல்... குளிர்லயே... கேட்க வந்தேன்." கொஞ்சம் நின்றாள். அகனே குனிந்து அம்மாவின் தோளைப் பற்றினாள். சுமியே கணவனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னை... அனுப்பி... விட்டுடுங்க."